உச்சி வானம் பார்க்கும் பழைய டிஷ்

தமிழ்நாட்டு மொட்டை மாடிகளில் எட்டடி டிஷ்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அவை தெற்கு வானத்தை நோக்கிச் சாய்ந்து நிற்கும் தோற்றமே மனத்தில் பதிந்திருக்கும். சிங்கப்பூரில் அதே டிஷ், மழைத்தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைத்த அண்டாவைப் போல மல்லாந்து கிடக்கும். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் அனைத்தும் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே வரிசையாக நிற்கின்றன. நாமோ அந்த ரேகையிலிருந்து 1.3 டிகிரி வடக்கே, ஏறக்குறைய அந்த வரிசைக்கு அடியிலேயே குடியிருக்கிறோம். இந்த ஒரு காரணத்தால், வேறு ஊர்களில் எழுதப்பட்ட டிஷ் பொருத்தும் குறிப்புகளில் பாதி இங்கே உதவுவதில்லை. நீண்ட காலமாக இந்தத் தொழிலில் இருந்தும், சென்ற நவம்பரில் ஒரு பழைய டிஷ்ஷைப் பங்களாத் தோட்டம் ஒன்றில் நிறுத்தியபோதுதான் அதை நான் முழுமையாக உணர்ந்தேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டபடி வீட்டில் டிஷ் வைத்துக்கொள்ள முடியாது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். அது தூதரகம், ஹோட்டல், நிதி நிறுவனம் போன்ற இடங்களுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். நான் சொல்லப்போகும் வேலையும் அவ்வாறு உரிமம் பெற்ற ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்தது. கூரையில் புது டிஷ் வைக்க அந்தப் பழைய பங்களாவின் ஓடுகள் தாங்கமாட்டா என்பதால், பின்புறத் தோட்டத்தில் கம்பம் நட்டு, வேறொரு கட்டடத்தின் மாடியிலிருந்து இறக்கிய 2.4 மீட்டர் அலுமினிய டிஷ்ஷைப் பொருத்துவது என்று முடிவாயிற்று.

டிஷ் சுங்கை காடுட் பக்கத்தில் ஒரு கிடங்கில் கிடந்தது. ஆறு இதழ்களாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நைலான் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். நசுங்கல் இல்லை, துரு இல்லை, விலையும் குறைவு. ஆனால் இதழ்களைக் கழற்றியவர்கள் அவற்றுக்கு எண் இடவில்லை. பார்ப்பதற்கு ஆறும் ஒன்று போலவே இருந்ததால் நானும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. தோட்டத்துப் புல்வெளியில் ஆறையும் சேர்த்து, போல்ட்டுகளைக் கைப்பிடியாக முடுக்கி, டிஷ்ஷைக் குப்புறப் போடாமல் கிண்ணம் போல நிமிர்த்தி வைத்தோம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் இப்போது ஓய்வில் இருக்கிறார். பழைய டிஷ் என்றதும் ஆசையாகப் பார்க்க வந்திருந்தார். நான் சிக்னல் மீட்டரைப் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்து, "தம்பி, அத உள்ள வை. முதல்ல நூலக் கட்டு" என்றார்.

நூல் கட்டுவது என்பது இதுதான். டிஷ்ஷின் விளிம்பில் எதிரெதிரான இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூண்டில் நரம்பை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குச் செங்குத்தாக இன்னொரு நரம்பைக் கட்ட வேண்டும். விளிம்பு முழுவதும் ஒரே தளத்தில் இருந்தால், இரண்டு நரம்புகளும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் உரசிக்கொண்டு போகும். விளிம்பு முறுக்கிக்கொண்டிருந்தால் நடுவில் இடைவெளி விழும், அல்லது ஒன்று மற்றொன்றை அழுத்தும். எங்கள் டிஷ்ஷில் இடைவெளி 14 மில்லிமீட்டர். கண்ணுக்கு அது வட்டமான, அழகான டிஷ்ஷாகத்தான் தெரிந்தது. நரம்புதான் உண்மையைச் சொன்னது.

14 மில்லிமீட்டர் பெரிய குறையா என்று வாடிக்கையாளரின் மேலாளர் கேட்டார். அது பிடிக்க வேண்டிய அலையின் நீளத்தைப் பொறுத்தது. 1975-இல் இந்தியாவில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சியைக் கொண்டுசென்ற சோதனையில், கோழிக்கூண்டு அடிக்கும் கம்பிவலையால் செய்த 3 மீட்டர் டிஷ்களே போதுமானவையாக இருந்தன. ஏனென்றால் அந்த ஒளிபரப்பு 860 மெகாஹெர்ட்ஸில் வந்தது. அலைநீளம் 35 சென்டிமீட்டர். நாம் பயன்படுத்தும் சி பேண்ட் என்னும் அதிர்வெண் பட்டை 4 கிகாஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் அலைநீளம் 7.5 சென்டிமீட்டர்தான். பரப்பின் பிழை அலைநீளத்தில் பதினாறில் ஒரு பங்குக்குள், அதாவது 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் கணக்கு. அதைத் தாண்டினால் ஒரு பகுதியில் பட்டுத் தெறிக்கும் அலை மற்றப் பகுதியிலிருந்து வரும் அலையோடு சேராமல் முரண்பட்டு நிற்கும்.

குறை எங்கே என்று கண்டுபிடித்தவர் எங்களோடு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி. "அண்ணே, இந்தக் கோடு சேரல பாருங்க" என்று டிஷ்ஷின் முதுகுப் பக்கத்தைக் காட்டினார். பல ஆண்டுகள் மழையில் நின்றபோது, முதுகுப் பக்கம் ஓடிய அழுக்கு நீர் ஒரு பழுப்புக் கறையை விட்டிருந்தது. அந்தக் கறை ஓர் இதழின் ஓரத்தில் வந்து சட்டென்று நின்றுவிட்டு, இரண்டு இதழ் தள்ளி மீண்டும் தொடங்கியது. இரண்டு இதழ்கள் இடம் மாறியிருந்தன. ஒரே அச்சில் அடித்த இதழ்களானாலும், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் போல்ட்டு இறுக்கத்தில் நின்றால் ஒவ்வொன்றும் தன் பக்கத்து இதழுக்கு ஏற்ப வளைந்து பழகிவிடுகிறது. கறையை ஒட்ட வைத்து மாற்றிச் சேர்த்ததும் நரம்புகளின் இடைவெளி 3 மில்லிமீட்டராகக் குறைந்தது. பழைய டிஷ் வாங்குகிறவர்கள் கழற்றும்போதே மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எழுதிவிட்டால் இந்த அரை நாள் வேலை மிச்சம்.

நரம்பு இருக்கும்போதே ஆழத்தையும் அளந்துவிடலாம். நரம்புகள் சந்திக்கும் இடத்திலிருந்து டிஷ்ஷின் நடுப்புள்ளி வரை எங்களுக்கு 400 மில்லிமீட்டர் வந்தது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும்: 2400-ஐ 2400-ஆல் பெருக்கி 6400-ஆல் வகுத்தால் 900 மில்லிமீட்டர். டிஷ் குவிக்கும் அலைகளை வாங்கிக்கொள்ளும் குழாயான ஃபீட்ஹார்னின் வாய் அந்த உயரத்தில், விளிம்பின் நான்கு பக்கங்களிலிருந்தும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். டிஷ்ஷோடு வந்த தாங்குகால்களில் ஒன்று சற்று வளைந்திருந்ததால் ஃபீட்ஹார்ன் ஒரு விரற்கடை ஒதுங்கியே நின்றது. அந்தக் காலைப் புதிதாக வெட்டிப் போட்டோம்.

இனி மழையும் வெயிலும். மல்லாந்த டிஷ்ஷுக்கு இரண்டுமே பகை. 2.4 மீட்டர் டிஷ்ஷின் வாய்ப்பரப்பு நாலரைச் சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் 45 லிட்டர் தண்ணீர் விழும். அதாவது 45 கிலோ எடை. இந்த டிஷ் முன்பு சாய்ந்து நின்று வேறொரு செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்ததால், தண்ணீர் வடியும் துளைகள் விளிம்போரத்தில் இருந்தன. இப்போது அவை பயனற்றவை. நடுத்தட்டில் 10 மில்லிமீட்டர் துளைகள் மூன்றைப் போட்டோம். அலைநீளத்தோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிறியவை என்பதாலும், நடுப்பகுதி எப்படியும் ஃபீட்ஹார்னின் நிழலில் இருப்பதாலும் சிக்னலுக்கு எந்த இழப்பும் இல்லை. தண்ணீர் தேங்கவிட்டால் சிக்னல் மட்டுமா கெடும்? இந்த ஊரில் ஒரு தேக்கரண்டி நீரில்கூட ஏடிஸ் கொசு முட்டையிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் சோதனைக்கு வருகிறவர்கள் டிஷ்ஷை விட்டுவைக்கமாட்டார்கள், விட்டுவைக்கவும் கூடாது. இலை விழுந்து துளை அடைபடாமல் வாரம் ஒரு முறை பார்க்கும்படி தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.

வெயில் வேறு வகையில் ஆபத்து. பளபளப்பான அலுமினியம் வானத்தைப் பார்த்து மல்லாந்திருந்தால், உச்சிச் சூரியனின் வெப்பம் முழுவதையும் குவித்து, ஃபீட்ஹார்னோடு சேர்ந்து சிக்னலைப் பெருக்கிக் கேபிளில் அனுப்பும் எல்.என்.பி.யின் மேல் கொட்டும். அதன் பிளாஸ்டிக் மூடி உருகி வழிந்ததை நான் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் உட்பரப்பைத் தேய்த்துவிட்டு, உலோகத்தூள் கலக்காத, மினுமினுப்பில்லாத சாம்பல் நிறப் பெயிண்ட்டை மெல்லிய ஒரே பூச்சாக அடித்தோம். அது வெளிச்சத்தைச் சிதறடிக்கும். ரேடியோ அலைக்கு அது இருப்பதே தெரியாது.

கம்பத்தின் கதைதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் வலித்த பகுதி.

எங்கள் இலக்கு 105.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஆசியாசாட் 7. சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் அதன் ஏற்றக்கோணம், அதாவது அடிவானத்திலிருந்து அது நிற்கும் உயரம், 87.5 டிகிரி; உச்சிப்புள்ளியிலிருந்து வெறும் இரண்டரை டிகிரி தள்ளி, தென்கிழக்கில் இருக்கிறது. இதே டிஷ் 76.5 டிகிரியில் உள்ள ஆப்ஸ்டார் 7-ஐப் பார்க்க வேண்டுமானால் மேற்கே திரும்பி 58 டிகிரியில் நிற்கும். அங்கே திசைக்கோணத்தில், அதாவது டிஷ் எந்தத் திசைக்குத் திரும்புகிறது என்பதில், 10 டிகிரி தவறினால் டிஷ் வானத்தில் 5 டிகிரிக்கு மேல் விலகி, செயற்கைக்கோளை முற்றிலும் தவறவிடும். உச்சிக்கு அருகிலோ அதே 10 டிகிரித் தவறு அரை டிகிரியைக்கூட நகர்த்தாது. ஆகவே திசைகாட்டியை வைத்துக்கொண்டு இங்கே மல்லுக்கட்ட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பது கூடுதல் வசதி. இரும்புக் கம்பத்திலிருந்து சில மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் போதும். திசைக்குக் கிடைக்கும் இந்தச் சலுகைக்கு ஈடாகக் கம்பத்தின் செங்குத்து ஒரு டிகிரிகூடப் பிசகக்கூடாது.

கம்பம் நட்ட நாளில் அது செங்குத்தாகத்தான் இருந்தது. அடித்தளக் கான்கிரீட்டில் புதைத்த நான்கு போல்ட்டுகளின் மேல் அடித்தட்டை உட்காரவைத்து, ரசமட்டத்தை இரண்டு பக்கங்களிலும் மாறி மாறி வைத்துப் பார்த்து முடுக்கினோம். பிறகு வடகிழக்குப் பருவமழை ஒரு வாரம் விடாமல் கொட்டியது. மழை விட்டதும் டிஷ்ஷை ஏற்றினோம். டிஷ்ஷைக் கம்பத்தோடு பிணைக்கும் பழைய தாங்கியில், சாய்வை மாற்றும் திருகுத்தண்டு 70 டிகிரிக்கு மேல் எட்டாததால் நீளமான தண்டு ஒன்றை மாற்றிப் போட்டு, டிஷ்ஷின் முதுகு கம்பத்தில் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தாங்கியில் இருந்த கோணஅளவியில் 87.5 என்று வைத்துச் சுற்றத் தொடங்கினோம்.

மீட்டர் ஏறியது. ரிசீவரில் தேடலைப் போட்டால் வரிசையாக இந்தோனேசியச் சேனல்கள் வந்தன. படம் வந்துவிட்டது என்று மேலாளர் மகிழ்ந்தார். எனக்கு முகம் வாடிவிட்டது. 108 டிகிரியில் இருக்கும் மேரா புத்தே செயற்கைக்கோளைப் பிடித்திருந்தோம். சாதாரண மீட்டர் சிக்னல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். யாருடைய சிக்னல் என்று சொல்லாது. தென்கிழக்கே கணக்குப்படி திருப்பினால் எல்லாமே தேய்ந்து, எதுவும் நிலைக்காமல் போயிற்று. மாலை வரை எல்.என்.பி.யை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், முனைகளைத் திரும்ப அடித்தோம். ஒன்றும் பலனில்லை. இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "டிஷ்ஷ ஏத்தினப்புறம் கம்பத்துக்குக் குண்டு போட்டுப் பாத்தியா?"

மறுநாள் காலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். இரண்டு மீட்டர் உயரத்தில் நூல் கம்பத்தை விட்டு 52 மில்லிமீட்டர் விலகித் தொங்கியது. கம்பம் கிழக்கே ஒன்றரை டிகிரி சாய்ந்திருந்தது. அடித்தளத்தின் கிழக்குப் பக்கம் இருந்தது ஒரு காலத்தில் வடிகாலாக இருந்து பின்னர் மண் கொட்டி நிரப்பிய இடம் என்பது தோண்டியபோதுதான் தெரிந்தது. மழையில் அந்த மண் இறங்கி, கான்கிரீட்டும் அதன் பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது.

ஒன்றரை டிகிரி என்ன செய்தது என்பதைத் தாளில் வரைந்து பார்த்தால் தெளிவாகும். கம்பத்திலிருந்து இரண்டரை டிகிரி சாய்த்து வைத்த டிஷ்ஷைச் சுற்றினால், அது கம்பம் காட்டும் புள்ளியை மையமாகக் கொண்டு வானத்தில் ஒரு சிறு வட்டம் வரையும். கம்பம் செங்குத்தாக இருந்தால் அந்த வட்டத்தின் மையம் உச்சிப்புள்ளி. வட்டம் சரியாக ஆசியாசாட் 7-இன் மேல் போகும். கம்பம் கிழக்கே சாய்ந்ததால் வட்டம் முழுவதுமே ஒன்றரை டிகிரி கிழக்கே பெயர்ந்துவிட்டது. இங்கிருந்து பார்க்கையில் ஆசியாசாட் 7-க்கும் மேரா புத்தேவுக்கும் இடைவெளி ஏறத்தாழ 3 டிகிரி. அதனால் நாங்கள் கணக்குப்படி திருப்பிய இடம் இரண்டுக்கும் சரியாக நட்டநடுவில் விழுந்திருக்கிறது. 2.4 மீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் 2.2 டிகிரிதான், நடுவில் நின்றால் இரண்டும் பாதி பாதியாகத் தெரிந்து, எதுவும் முழுதாகக் கிடைக்காது. தாங்கியின் கோணஅளவி பொய் சொல்லவில்லை. அது கம்பத்தை வைத்து அளக்கிறது. பூமியின் ஈர்ப்பை வைத்து அளப்பது சாய்வுமானி. உச்சி பார்க்கும் டிஷ்ஷுக்குச் சாய்வுமானியைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

கிழக்குப் பக்கம் ஆழமாகத் தோண்டிக் கெட்டித் தரை வரை கான்கிரீட் ஊட்டி, அது இறுகும் வரை காத்திருந்து, அடித்தட்டின் கீழ் நட்டுகளைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகிக் கம்பத்தை நிமிர்த்தினோம். அதன் பின் ஆசியாசாட் 7 பத்து நிமிடத்தில் வந்தது.

எஞ்சிய வேலைகள் அவ்வளவு தொல்லை தரவில்லை. சாய்வான டிஷ்களில் எல்.என்.பி.யை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அட்டவணை பார்ப்போம். உச்சி பார்க்கும் டிஷ்ஷில் கிடைத்தளம் என்பது பூமத்திய ரேகையின் போக்கு, செங்குத்து என்பது வடக்குத் தெற்கு என்று எடுத்துக்கொண்டு, குழாய்க்குள் தெரியும் கிடைத்தள ஊசியைக் கிழக்குமேற்காக வைத்துத் தொடங்கினால், அங்கிருந்து மீட்டரைப் பார்த்துச் சற்றே திருப்பினால் போதும். ஒரு தொந்தரவு புதியது. 5ஜி சேவைகள் 3.5 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், 3.4 முதல் 4.2 வரை வாய் திறந்திருக்கும் பழைய எல்.என்.பி. அந்த இரைச்சலில் திணறிவிடும். சிக்னல் அளவு நிறைய இருக்கும், தரம் சுழியமாக இருக்கும், எல்லாச் சேனலும் ஒன்றாகப் படுத்துவிடும், அதுதான் அடையாளம். 3.7-க்குக் கீழே உள்ளதை மறிக்கும் ஃபில்டர் ஒன்றை ஃபீட்ஹார்னுக்கும் எல்.என்.பி.க்கும் நடுவே போட்டதும் தெளிந்துவிட்டது.

சிக்னலின் உச்சநிலையைக் கண்டுபிடிக்கும்போது மீட்டர் முள் அதிகபட்சம் காட்டும் இடத்தில் நிறுத்துவது சரியான வழியன்று. அந்த உச்சநிலைக்கு அருகே சிக்னல் அதிகம் மாறாமல் தட்டையாக இருப்பதால் கை அங்கே ஏமாந்துவிடும். ஒரு பக்கம் திருப்பி, தரம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கும் இடத்தில் கம்பத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும். மறுபக்கம் திருப்பி அதே அளவுக்கு இறங்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டிஷ்ஷை நிறுத்த வேண்டும். ஏற்றக்கோணத்துக்கும் இப்படியே. பிறகு போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக முடுக்கினால் அது டிஷ்ஷைத் தன் பக்கம் இழுத்துவிடும். கம்பத்துக்கு எர்த் கம்பி போடாமல் வேலையை முடித்தேன் என்று இந்த இடிமின்னல் ஊரில் யாரும் சொல்லக்கூடாது. கேபிளின் உறையையும் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் எர்த்தோடு சேர்த்தோம்.

மார்ச் 20 அன்று, பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பே அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சம இரவுபகல் நாளையொட்டிச் சூரியன் செயற்கைக்கோள் வரிசையின் மேலாகவே நடந்து செல்லும். கணக்குப்படி 1 மணி 4 நிமிட வாக்கில் அது ஆசியாசாட் 7-க்கு நேர் பின்னால் வர வேண்டும்; அப்போது சூரியனின் ரேடியோ இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். அண்ணனும் வந்திருந்தார். ஏணியில் ஏறி டிஷ்ஷுக்குள் பார்த்தோம். ஃபீட்ஹார்னின் நிழல் சாம்பல் நிறப் பரப்பில் மேற்கிலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து வந்தது. நடுத்தட்டில் நாங்கள் போட்ட மூன்று துளைகளை முதலில் தொட்டது, பிறகு மூடியது. நிழலின் வட்டமும் நடுத்தட்டின் வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தி நின்ற நேரத்தில் உள்ளேயிருந்து மேலாளர், "படம் போயிடுச்சு!" என்று குரல் கொடுத்தார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். ஐந்தாறு நிமிடத்தில் நிழல் துளைகளை விட்டுக் கிழக்கே இறங்கியது. படம் தானே திரும்ப வந்தது.